மேற்கோள் குறிக்குள் இருப்பது அடுத்தவர் சொத்து



எனக்குக் கொடுத்திருக்கும் தலைப்பு உண்மை சரிபார்ப்பு. பொதுவாகப் பேசினால் இந்தத் தலைப்பு பத்து நிமிடத்தில் உங்களைத் தூங்கவைத்துவிடும். அதனால் பொதுவாகப் பேசப்போவதில்லை. ஒரே ஓர் ஆளை எடுத்துக்கொள்கிறேன். சிவில் உரிமைகளைப் பற்றி அவர் சொன்னதை, சொன்னதாகச் சொல்லப்பட்டதை, ஒவ்வொன்றாக எடுத்து உரசிப் பார்க்கப்போகிறேன்.

ஆள் அமெரிக்கர். பெயர் சார்லி கிர்க். 2012-இல், 18 வயதில், டர்னிங் பாயின்ட் யுஎஸ்ஏ என்ற அமைப்பைத் தொடங்கியவர். கல்லூரி வளாகத்தில் ஒரு மேசையைப் போட்டு உட்கார்ந்துகொண்டு, ‘நான் சொல்வது தப்பு என்று நிரூபி, பார்க்கலாம்’ என்று மாணவர்களை வாதுக்கு அழைத்தே பேர் வாங்கியவர். டிரம்புக்கு வேண்டியவர். 2025 செப்டம்பர் 10 அன்று யூட்டா வேலி பல்கலைக்கழகத்தில் அப்படி ஒரு கூட்டத்தில் பேசிக்கொண்டிருக்கும்போதே சுட்டுக் கொல்லப்பட்டார். வயது 31. மனைவியும் இரண்டு சின்னக் குழந்தைகளும் இருக்கிறார்கள். அந்தக் கொலைக்கு எந்த நியாயமும் கிடையாது. அதைச் சொல்லிவிட்டே மேலே போகிறேன்.

அவர் இறந்த அன்று இரவே என்ன ஆயிற்று? அமெரிக்கர்களில் ஒரு பாதி அவரை மகாத்மா ஆக்கியது. இன்னொரு பாதி அவரை அரக்கன் ஆக்கியது. இரண்டு பாதியும் எதைக் கையில் எடுத்தன? அவர் பேசிய வாக்கியங்களை. அதாவது, அவர் பேசியதாகச் சொல்லப்பட்ட வாக்கியங்களை. நான் பத்திரிகை மேசையில் வாழ்ந்தவன். அங்கே எனக்கு வேலை சொல்லிக்கொடுத்த பெரியவர் ஒன்று சொல்வார்: ‘தம்பி, மேற்கோள் குறிக்குள் இருப்பது அடுத்தவன் சொத்து. ஒரு சொல்லைச் சேர்த்தாலும் திருட்டு, ஒரு சொல்லை உருவினாலும் திருட்டு.’ அந்த அளவுகோலோடு இதைப் பார்ப்போம்.

முதலில் ஒரு காணொளி. 2018-இல் பாலிட்டிகான் என்ற அரசியல் திருவிழாவில் எடுத்தது. அதில் கிர்க் ஒரு சொல்லைக் கத்துகிறார். சீன வம்சாவளியினரை இழித்துப் பேசும் வசைச்சொல் அது என்று சொல்லி ஊரெல்லாம் பரப்பினார்கள். கேட்டால் அப்படித்தான் காதில் விழும். உண்மை என்ன? எதிர் அணி விமர்சகர் ஒருவர் இருக்கிறார், ஜெங்க் உய்கர், துருக்கியில் பிறந்தவர். கிர்க் அவருடைய பெயரைச் சொல்லிக் கத்தினார். அவ்வளவுதான் சேதி. பெயர் வசையாகிவிட்டது.

இரண்டாவது கொஞ்சம் சிக்கல். திகில் கதை மன்னர் ஸ்டீபன் கிங், தன்பாலின ஈர்ப்புள்ளவர்களைக் கல்லால் அடித்துக் கொல்ல வேண்டும் என்றவர் கிர்க் என்று எழுதினார். ஒரு நாள் தாங்கவில்லை. பதிவை அழித்துவிட்டு மன்னிப்புக் கேட்டார். கிர்க் உண்மையில் என்ன பேசினார்? குழந்தைகளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுக்கும் ஒரு யூடியூப் அம்மையார், அண்டை வீட்டாரை நேசி என்ற விவிலிய வரியைக் காட்டித் தன்பாலினத்தாரை ஆதரித்திருந்தார். அதற்குப் பதிலாகத்தான் 2024-இல் கிர்க் பேசினார். அம்மா, நீங்கள் எடுத்துக்காட்டும் அதே லேவியராகமத்தில் கல்லெறிந்து கொல்லச் சொல்லும் வசனமும் இருக்கிறதே என்றார். வேண்டியதை மட்டும் பொறுக்கி எடுக்கிறீர்கள் என்பது அவர் வாதம். கொல்லுங்கள் என்று அவர் சொல்லவில்லை.

சரி, அப்படியானால் கிர்க் சுத்தமா? அங்கேதான் நிறைய பேர் கடையைக் கட்டிவிடுகிறார்கள். அதே மூச்சில் அவர் அந்தப் பகுதியைப் பாலுறவு விஷயத்தில் கடவுளின் பூரணச் சட்டம் என்றும் சொல்லியிருக்கிறார். ஸ்டீபன் கிங் சொன்னது தவறு. ஆனால் அந்தத் தவறைக் காட்டி, கிர்க் யதேச்சையாக ஒரு வசனத்தைப் படித்தார் என்பதும் தவறு. பொய் ஒரு பக்கம் உடைந்ததும் உண்மை தானாக மறு பக்கம் போய் நின்றுவிடாது, நண்பர்களே.

மூன்றாவது விஷயம்தான் பெரிய கூத்து. கறுப்பினப் பெண்களுக்கு மூளைத் திறன் கிடையாது என்று கிர்க் சொன்னதாக ஒரு வாக்கியம் லட்சக்கணக்கில் பரவியது. வாஷிங்டன் போஸ்ட் கட்டுரையாளர் கேரன் அட்டியா அதைக் கறுப்பினப் பெண்கள் எல்லோரையும் பற்றிய வாக்கியமாகவே பதிவிட்டார். அந்த வாரத்துப் பதிவுகளுக்காகத் தன்னை வேலையை விட்டு நீக்கியதாகப் பின்னால் அவரே எழுதினார்.

மூல ஒலிப்பதிவில் என்ன இருக்கிறது? தேதி 2023 ஜூலை 13. அதற்கு இரண்டு வாரம் முன்னால்தான், கல்லூரிச் சேர்க்கையில் இனத்தைக் கணக்கில் எடுக்கக் கூடாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லியிருந்தது. அந்தச் சூட்டில் பேசுகிறார். நான்கு பெண்களின் பெயரைச் சொல்கிறார். டிவி தொகுப்பாளர் ஜாய் ரீட், மிஷெல் ஒபாமா, நாடாளுமன்ற உறுப்பினர் ஷீலா ஜாக்சன் லீ, உச்ச நீதிமன்ற நீதிபதி கெடான்ஜி பிரவுன் ஜாக்சன். இவர்களைப் பார்த்துத்தான், சலுகை இல்லாவிட்டால் உங்களை யாரும் பொருட்படுத்தும் அளவுக்கு மூளைத் திறன் உங்களுக்கு இல்லை, ஒரு வெள்ளையரின் இடத்தைத் திருடித்தான் வந்தீர்கள் என்று சொன்னார்.

ஆகவே ‘எல்லாக் கறுப்பினப் பெண்களும்’ என்று அவர் சொல்லவில்லை. நான்கு பேரைச் சொன்னார். இந்த வேறுபாடு முக்கியமா? பத்திரிகை மேசையில் உட்கார்ந்தவனுக்கு உயிர் போகிற அளவு முக்கியம். ஆனால் நான்கு பேர் என்று திருத்திய பிறகு வாக்கியம் அழகாகிவிட்டதா? யார் அந்த நான்கு பேர்? மிஷெல் ஒபாமா பிரின்ஸ்டனில் சிறப்புத் தேர்ச்சி, பிறகு ஹார்வர்டு சட்டப் பள்ளி. நீதிபதி ஜாக்சன் ஹார்வர்டில் இளங்கலையும் சட்டமும் இரண்டுமே சிறப்புத் தேர்ச்சி, மாவட்ட நீதிமன்றம், மேல்முறையீட்டு நீதிமன்றம் என்று படிப்படியாக ஏறியவர். இவர்களுக்கு மூளை இல்லை என்பதற்கு எந்தச் சான்றும் கிர்க் கையில் இல்லை. அவர் சொன்னது சொன்னபடியே இருந்தாலே போதும், அது அவரைப் பற்றி வேண்டியதைச் சொல்லிவிடுகிறது. அதைப் பெரிதாக்கப் போனவர்கள்தான் அவருடைய ஆட்களுக்கு வாசல் திறந்துவிட்டார்கள். ‘பார், பொய் சொல்கிறார்கள்’ என்று சொல்ல ஒரு வாசல்!

இப்போது இன்றைய பேச்சின் நடுவீட்டுக்கு வருகிறேன். சிவில் உரிமைச் சட்டத்தை நிறைவேற்றியது மாபெரும் தவறு. இதை கிர்க் சொன்னாரா? சொன்னார். இதில் சந்தேகமே வேண்டாம். 2023 டிசம்பரில் அரிசோனாவின் ஃபீனிக்ஸ் நகரில் அவருடைய அமைப்பு நடத்திய அமெரிக்காஃபெஸ்ட் மாநாட்டில் சொன்னார். வயர்டு இதழ் 2024 ஜனவரியில் அதைச் செய்தியாக்கியது. இது மிகத் தீவிரமான கருத்து என்று எனக்கே தெரியும், ஆனால் யோசித்துத்தான் சொல்கிறேன், வாதாடவும் முடியும் என்று முன்னுரை சொல்லிவிட்டே சொன்னார். வாய் தவறி வந்ததல்ல. பிறகு தன் நிகழ்ச்சியிலும் விடவில்லை. அந்தச் சட்டம் ஒரு மிருகத்தைப் பெற்றுப்போட்டது, அந்த மிருகம் இப்போது வெள்ளையருக்கு எதிரான ஆயுதம் ஆகிவிட்டது என்கிற அளவுக்குப் போனார்.

இங்கே கொஞ்சம் நிதானிக்க வேண்டும். ‘தவறு’ என்பது கருத்து. ஒருவருடைய கருத்தை நீங்களும் நானும் உண்மை, பொய் என்று முத்திரை குத்த முடியாது. பிடிக்கவில்லை என்று சொல்லலாம், எதிர்த்து வாக்களிக்கலாம். ஆனால் ‘அது வெள்ளையருக்கு எதிரான ஆயுதம்’ என்பது கருத்தா? இல்லை. அது ஒரு தகவல். தகவலைச் சோதிக்கலாம். சோதிப்போம்.

சட்டம் வருவதற்கு முன்னால் நிலைமை என்ன? தென் மாநிலங்களில் ஒரு கறுப்பினக் குடும்பம் காரை எடுத்துக்கொண்டு வெளியூர் கிளம்பினால், ராத்திரி தங்க இடம் கிடைக்குமா என்று தெரியாது. விக்டர் கிரீன் என்ற தபால்காரர் 1936 முதல் ஒரு கையேடு வெளியிட்டார். எந்த ஊரில் எந்த விடுதி, எந்த வீடு, எந்த முடிதிருத்தகம் கறுப்பினத்தவரை ஏற்றுக்கொள்ளும் என்று பட்டியல். யோசித்துப் பாருங்கள், ஒரு நாட்டின் குடிமகன் சொந்த நாட்டில் எங்கே படுக்கலாம் என்று காசு கொடுத்துப் புத்தகம் வாங்கித் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

விடுதி, உணவகம், வேலை எதிலும் இனப் பாகுபாடு கூடாது என்ற சிவில் உரிமைச் சட்டத்தில் 1964 ஜூலை 2 அன்று ஜனாதிபதி லிண்டன் ஜான்சன் கையெழுத்துப் போட்டார். அதற்கு முன்னால் செனட்டில் 60 வேலை நாட்கள் பேசிப்பேசியே மசோதாவைச் சாகடிக்கப் பார்த்தார்கள். கடைசியில் 73-க்கு 27 என்று நிறைவேறியது.

கையெழுத்தின் மை காய்வதற்குள் ஒரு வழக்கு. அட்லாண்டாவில் ஹார்ட் ஆஃப் அட்லாண்டா என்ற மோட்டல், 216 அறைகள். முதலாளி மோர்டன் ரோல்ஸ்டன், வழக்கறிஞரும்கூட. தன் வழக்கைத் தானே வாதாடினார். கறுப்பினத்தவருக்கு அறை கொடுக்க மாட்டேன் என்றார். அதற்கு அவர் சொன்ன காரணங்களில் ஒன்றைக் கேளுங்கள். அமெரிக்க அரசியல் சட்டத்தின் 13-ஆவது திருத்தம் அடிமை முறையை ஒழித்தது அல்லவா? அந்தத் திருத்தத்தைக் கையில் எடுத்தார். எனக்கு விருப்பமில்லாதவருக்கு அறை கொடு என்று கட்டாயப்படுத்துவது என்னை அடிமை வேலை வாங்குவதாகும் என்றார்! கறுப்பின மக்களை விடுவிக்க வந்த திருத்தத்தை, கறுப்பின மனிதனுக்குக் கதவைச் சாத்துவதற்குத் தாழ்ப்பாளாக்கப் பார்த்தார். அந்த டிசம்பரில் உச்ச நீதிமன்றம் ஒருமனதாக அவர் வழக்கைத் தள்ளியது.

அதே நாளில் இன்னொரு தீர்ப்பு. பர்மிங்ஹாமில் ஆலீஸ் பார்பிக்யூ என்று ஓர் உணவகம். கறுப்பினத்தவர் பொட்டலம் கட்டி வாங்கிக்கொண்டு போகலாம், உள்ளே உட்கார்ந்து சாப்பிடக் கூடாது. நம் ஊரில் இரட்டைக் குவளை பார்த்தவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. அந்தக் கடை வாங்கிய உணவுப் பொருளில் கிட்டத்தட்ட 46 சதவீதம், வெளிமாநிலத்திலிருந்து வந்த இறைச்சி. மாநிலம் தாண்டிய வணிகம் இருந்தால் மத்திய அரசு சட்டம் போடலாம். அந்த இறைச்சிக் கணக்கை வைத்தே நீதிமன்றம் அந்தக் கடையைச் சட்டத்துக்குள் கொண்டுவந்தது. இந்தச் சட்டத்தை ‘மாபெரும் தவறு’ என்கிறவர், அந்த மோட்டலுக்கும் அந்த உணவகத்துக்கும் என்ன பதில் வைத்திருக்கிறார் என்று கேட்பது நியாயமான கேள்வி.

ஆனால் நான் கிர்க்குக்கும் நியாயம் செய்ய வேண்டும். அவருடைய புகார் மோட்டலைப் பற்றியது அல்ல. வேலைக்கு எடுப்பதிலும் படிப்பிலும் இனம் பார்த்து முன்னுரிமை கொடுக்கும் ஒரு நிரந்தர நிர்வாகத்தை இந்தச் சட்டம் வளர்த்துவிட்டது என்பதே அவர் புகார். இதில் துளியும் உண்மை இல்லையா? இருக்கிறது. அதை மறைத்தால் நானும் மேற்கோள் திருடனே.

சட்டத்தின் வாசகத்தை முதலில் பாருங்கள். வேலைவாய்ப்பைப் பற்றிய ஏழாவது பகுதியில், 703-ஆம் பிரிவில், ஒரு துணைப்பிரிவு இருக்கிறது. ஓரினத்தார் எண்ணிக்கை குறைவாக இருக்கிறது என்பதற்காக யாருக்கும் முன்னுரிமை கொடுக்க வேண்டும் என்று இந்தச் சட்டம் கட்டாயப்படுத்தாது என்று எழுதியே வைத்திருக்கிறார்கள். மசோதாவை நடத்திக்கொண்டுபோன செனட்டர் ஹூபர்ட் ஹம்ஃப்ரி, இதில் ஒதுக்கீடு இருப்பதாக யாராவது காட்டினால் பக்கம் பக்கமாக இதைத் தின்று காட்டுகிறேன் என்று சபையிலேயே சவால் விட்டார்.

பிறகு? 1979-இல் வெபர் வழக்கு. லூசியானாவில் கைசர் அலுமினியத் தொழிற்சாலை. சுற்று வட்டாரத்துத் தொழிலாளர்களில் சுமார் 39 சதவீதம் கறுப்பினத்தவர். ஆனால் தொழிற்சாலையின் 273 தேர்ந்த கைவினைஞர்களில் அவர்கள் எத்தனை பேர் தெரியுமா? ஐந்து பேர். அதனால் கம்பெனியும் தொழிற்சங்கமும் பேசி, பயிற்சி இடங்களில் பாதியைக் கறுப்பினத்தவருக்கு ஒதுக்கின. பிரையன் வெபர் என்ற வெள்ளைத் தொழிலாளி வழக்குப் போட்டார், தோற்றார். சொந்த விருப்பத்தில் செய்யும் தற்காலிக ஏற்பாடு செல்லும் என்றது உச்ச நீதிமன்றம். நீதிபதி ரென்குவிஸ்ட் இதைக் கடுமையாக எதிர்த்து எழுதினார். பெரும்பான்மைத் தீர்ப்பு மந்திரவாதி ஹூடினி மாதிரி வாசகத்திலிருந்து நழுவுகிறது என்றார். ஆக, சட்டம் எழுதியவர்கள் சொன்னதற்கும் பின்னால் நடந்ததற்கும் இடைவெளி இருக்கிறது. அதைச் சொல்ல கிர்க்குக்கு உரிமை உண்டு. அவருக்கு முன்பே ஒரு நீதிபதி சொல்லியாயிற்று.

சரி, ‘வெள்ளையருக்கு எதிரான ஆயுதம்’? இங்கேதான் கிர்க்கின் வண்டி குடை சாய்கிறது.

1976-இல் தீர்ப்பான ஒரு வழக்கு. ஹூஸ்டனில் ஒரு லாரிப் போக்குவரத்துக் கம்பெனி. சரக்கிலிருந்து 60 டின்களைச் சுருட்டியதாக மூன்று தொழிலாளர்கள் மேல் குற்றச்சாட்டு. டின்னில் இருந்தது குளிரில் எஞ்சின் உறையாமல் இருக்க ஊற்றுகிற திரவம். இரண்டு பேர் வெள்ளையர், ஒருவர் கறுப்பினத்தவர். வெள்ளையர் இருவரையும் வேலையைவிட்டு அனுப்பினார்கள். கறுப்பினத்தவரை வைத்துக்கொண்டார்கள். இருவரும் வழக்குப் போட்டார்கள். எந்தச் சட்டத்தின் கீழ்? இதே சிவில் உரிமைச் சட்டத்தின் கீழ். கீழ்க்கோர்ட்டுகள் தள்ளிவிட்டன. உச்ச நீதிமன்றம் சொன்னது: இந்தச் சட்டம் கறுப்பினத்தவரை எந்த அளவில் காக்கிறதோ அதே அளவில் வெள்ளையரையும் காக்கிறது. அந்தத் தீர்ப்பை எழுதிய நீதிபதி யார் தெரியுமா? தர்குட் மார்ஷல்! பள்ளிகளில் இனப் பிரிவினையை உடைத்த 1954-ஆம் ஆண்டு வழக்கை வாதாடி ஜெயித்தவர். அந்த நீதிமன்றத்தின் முதல் கறுப்பின நீதிபதி. அவர் கையால் எழுதினார்.

இன்னொன்று. நான் முன்பே சொன்னேனே, 2023 ஜூன் மாதத் தீர்ப்பு? ஹார்வர்டு தனியார் பல்கலைக்கழகம். அதன் மேல் வழக்குப் போட்டவர்கள் எதைப் பிடித்துக்கொண்டு போனார்கள்? மத்திய அரசின் பணம் வாங்கும் எந்த நிறுவனமும் இனப் பாகுபாடு காட்டக் கூடாது என்கிறது ஒரு சட்டத்தின் ஆறாவது பகுதி. எந்தச் சட்டம்? 1964-ஆம் ஆண்டுச் சிவில் உரிமைச் சட்டம்! கிர்க் வெறுத்த இனச் சலுகையைச் சாய்த்த கோடாரியே, கிர்க் வெறுத்த அந்தச் சட்டத்திலிருந்து வந்தது. அதைப் பிடித்துத்தான் ஹார்வர்டைக் கூண்டில் ஏற்றினார்கள். 2025 ஜூனில் அதே சட்டத்தின் கீழ் இன்னொரு தீர்ப்பு, ஒஹையோவில் ஒரு பெண் தொடுத்த வழக்கு. பெரும்பான்மைப் பிரிவைச் சேர்ந்தவர் வழக்குப் போட்டால் கூடுதல் சான்று காட்ட வேண்டும் என்ற நிபந்தனை செல்லாது என்று ஒன்பது நீதிபதிகளும் ஒரே குரலில் சொன்னார்கள். அந்தத் தீர்ப்பை எழுதியவர் கெடான்ஜி பிரவுன் ஜாக்சன். ஆமாம், மூளைத் திறன் இல்லை என்று கிர்க் பட்டியல் போட்டாரே, அந்த நால்வரில் ஒருவர்.

கடைசியாக மார்ட்டின் லூதர் கிங். அதே ஃபீனிக்ஸ் மாநாட்டில் கிர்க் அவரை மோசமான மனிதர், நல்லவரே அல்ல என்றார். அதற்கு முன்பு இதே கிர்க் வாய்தான் கிங்கை நாயகன் என்று புகழ்ந்திருக்கிறது. அதுவும் போகட்டும், மனம் மாறலாம். கூடவே இன்னொன்று சொன்னார்: கிங் ஒரே ஒரு நல்ல விஷயம் சொன்னார், அதையும் அவர் நம்பவில்லை. 1963-இல் வாஷிங்டனில், தோலின் நிறத்தைப் பார்க்காமல் குணத்தைப் பார்க்கும் நாட்டைப் பற்றிப் பேசினாரே, அதைத்தான் குறிப்பிடுகிறார்.

நம்பவில்லையா? 1964-இல் வந்த ‘ஏன் நாம் காத்திருக்க முடியாது’ என்ற கிங்கின் நூலைத் திறந்து பார்க்கலாம். நூற்றாண்டுக் கணக்கில் உழைப்பைப் பிடுங்கியவர்களுக்கு ஈடு செய்யும் சிறப்புத் திட்டம் வேண்டும் என்று அதில் எழுதுகிறார். அந்த வகையில், கிங் கண்ணை மூடிக்கொண்டு நிறம் பாராமை பேசியவர் என்ற அமெரிக்கப் பாடப்புத்தகக் கதை அரைகுறை. கிர்க் அதைக் கண்டுபிடித்தது சரி. ஆனால் அதே இடத்தில் கிங் யாரையெல்லாம் சேர்க்கிறார்? போரிலிருந்து திரும்பிய சிப்பாய்களுக்கு நாடு படிப்பும் வீட்டுக் கடனும் கொடுத்ததல்லவா, அந்த மாதிரி ஒரு திட்டம் கேட்கிறார். அதற்குப் பின்தங்கியோரின் உரிமை மசோதா என்று பெயர் வைக்கிறார். அதில் ஏழை வெள்ளையர்களும் உண்டு என்று தெளிவாகவே எழுதுகிறார். நிறத்தைத் தாண்டிய நாடு வேண்டும், அங்கே போய்ச்சேர பழைய கணக்கைத் தீர்த்தாக வேண்டும். இந்த இரண்டையும் ஒரே மனிதர் நம்ப முடியாதா? 1959-இல் நம் கன்னியாகுமரிக் கரையில் நின்று சூரியன் மறைவதையும் நிலா எழுவதையும் ஒரே மாலையில் பார்த்தவர் அவர். அதைத் தன் ஊர்த் தேவாலயத்தில் போய்ப் பிரசங்கமாகவும் சொன்னார். எனவே நான் போடும் குறிப்பு இது: முன்பாதி உண்மை, முடிவு பொருந்தவில்லை.

அவைத்தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். இனி உங்கள் கேள்விகள். ஒரே ஒரு நிபந்தனை: ‘கிர்க் இப்படிச் சொன்னாராமே’ என்று யாராவது எழுந்தால், எந்த ஆண்டு, எந்த மேடை என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட்டுக் கேளுங்கள்.